அடுப்பில் உலர்ந்த மண்

நான் கோபக்காரி. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "வேதநாயகி லேபுக்குள்ள வந்தா ஃபேன்கூட பயந்து மெதுவா சுத்துதும்மா" என்று எங்கள் டைரக்டர் சுந்தரேசன் கேலி செய்வார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சுத்தம் கேட்கிற வேலை அது. சத்தம் போடாமல் சுத்தம் வராது என்று நம்பியிருந்த காலம்.

எங்கள் ஆய்வுக்கூடம் ஓல்டு மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருந்தது. சுரங்கக் கம்பெனிகள் தங்கள் கல்லையும் மண்ணையும் சாக்கில் கட்டி அனுப்புவார்கள். அதிலுள்ள உலோகத்தைத் தண்ணீரில் மிதக்க வைத்துப் பிரிக்க முடியுமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். கல்லாவது மிதப்பதாவது என்று சிரிக்கிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். மாவாக அரைத்த கல்லைத் தண்ணீரில் கலக்கி, ஒரு சொட்டு மருந்து விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதினால் குமிழ்கள் கிளம்பும். தண்ணீர் பிடிக்காத துகள் குமிழைப் பற்றிக்கொண்டு மேலே நுரையில் வந்து சேரும். தண்ணீர் பிடித்த துகள் கீழேயே கிடக்கும். நுரையை வழித்தெடுத்தால் அதில் உலோகம். துகளின் உள்ளே இருப்பது பொன்னா பித்தளையா என்று குமிழுக்குக் கவலை கிடையாது. மேல்தோலில், கண்ணுக்கே தெரியாத ஒரு படலத்தில், எல்லாம் முடிவாகிவிடும்.

அதனால்தான் என் கெடுபிடி. ஒரு விரல் ரேகை அளவு எண்ணெய் போதும், ஒரு வார வேலை பாழாகும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கழுவிய கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். எங்காவது முத்து முத்தாக உடைந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி உடைவதைக் கண்டுபிடிப்பதில் என்னைவிட பிரிஜெட்டுக்குக் கண் கூர்மை. எங்கள் லேப் அட்டெண்டர் அவள். பக்கத்திலிருக்கும் மர்பி டவுன்காரி, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், என்னிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். அவள் கழுவி வைத்த பீக்கரை நான் மறுபடி சோதித்துப் பார்த்ததே இல்லை. அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதும் இல்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவாள் என்று ஒரு எண்ணம். பிரிஜெட்டா ஏறுவாள்? "சரி மேடம்" என்ற இரண்டு வார்த்தையில் அவளுடைய முக்கால்வாசிப் பேச்சு முடிந்துவிடும்.

அவள் புருஷன் ஓஸ்வால்ட், ரயிலில் கிழக்கே மூன்று மணி நேரம் போனால் வரும் ஒரு தங்கச் சுரங்கத்தில், கல் அரைக்கும் மில்லில் ஃபிட்டர். சுரங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து, திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் திரும்பிப் போவார். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று அவர்கள் கல்யாணத்தன்றே பேச்சு அடிபட்டதாம். அதனால் இவள் தன் வேலையை விடவில்லை. மூடும் மூடும் என்றார்களே தவிர மூடவில்லை, அதனால் அவரும் தன் வேலையை விடவில்லை. ஆக, அவர்கள் சேர்ந்து குடும்பம் நடத்தியது வாரத்துக்கு ஒன்றரை நாள். பிள்ளைகளும் இல்லை.

இரண்டாயிரமாவது வருஷம் அந்தப் பேச்சு நிஜமானது. ஆழத்தில் கல் தீர்ந்துவிட்டது. ஆனால் நூறு வருஷமாக அரைத்துக் கொட்டிய மண் சுரங்கத்தைச் சுற்றி மலை மலையாகக் கிடந்தது. அந்தக் காலத்து முறைகளுக்குப் பிடிபடாமல் தப்பிய பொன் அதில் கொஞ்சம் இருந்தது. அதை மிதக்க வைத்து எடுக்க முடிந்தால் மில் இன்னும் பத்து வருஷம் ஓடும். முடியாவிட்டால் மூடிவிடுவார்கள். மண்ணில் உள்ள பொன்னில் நூற்றுக்கு எழுபது பங்காவது நுரையில் ஏற வேண்டும், அதற்குக் கீழே போனால் கட்டாது என்று சொல்லியிருந்தார்கள். ஏறுமா ஏறாதா என்று சொல்ல வேண்டியவள் நான்.

ஏப்ரலில் ஒரு நாள் அந்த மண் பன்னிரண்டு கிலோ வந்தது. மலையின் வயிற்றிலிருந்து தோண்டியதால் சொதசொதவென்று ஈரம். காயாத மண்ணை அளக்கவும் முடியாது, பங்கு பிரிக்கவும் முடியாது. மறுநாள் காலை பத்து மணிக்குச் சுரங்கத்திலிருந்து பெரிய மனிதர்கள் மூன்று பேர் நேரில் வந்து சோதனையைப் பார்ப்பதாக ஏற்பாடு. அன்றைக்கென்று பார்த்து மத்தியானம் கரண்ட் போயிற்று. வெளியே கோடை மழை வேறு பிடித்துக்கொண்டது.

"மேடம், ஓவன் ஓடலையே. மண்ணு அப்படியே ஈரமா இருக்குது" என்று வந்து நின்றாள் பிரிஜெட்.

நான் டைரக்டருக்குப் போட வேண்டிய குறிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே கத்தினேன். "நாளைக்குக் காலைல அது காஞ்சிருக்கணும். எப்படிக் காய வெச்சேன்னு என்கிட்ட வந்து சொல்லாதே. எனக்குக் காஞ்ச மண்ணு வேணும், கதை வேணாம்."

"சரி மேடம்."

காலையில் மண் பொலபொலவென்று காய்ந்து, சலித்து, டின்களில் அடைத்துத் தயாராக இருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. சாயங்காலமாகக் கரண்ட் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லாதே என்று நானே சொல்லிவிட்டேன், அவளும் சொல்லவில்லை.

சோதனை பிரமாதமாகப் போயிற்று. 'செல்' என்று நாங்கள் சொல்லும் அந்தச் சின்னத் தொட்டியின் விளிம்பில் நுரை கெட்டியாக, கருஞ்சாம்பல் நிறத்தில் பொங்கி வழிந்தது. வந்த மூவரில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா தூக்குதே மேடம்!" என்றார். நுரையை உலர்த்தி, உருக்கி, பொன்னை நிறுத்துப் பார்த்ததில் எண்பத்து மூன்று பங்கு ஏறியிருந்தது. எனக்கே நம்பிக்கை வராமல் மறுபடி செய்தேன். எண்பத்திரண்டு. இன்னொரு தடவை. எண்பத்து நான்கு.

மூன்று தடவை செய்தேன் என்பதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். மூன்று தடவையும் அதே டின்களிலிருந்துதான் மண்ணை எடுத்தேன் என்பது உறைக்கவில்லை. ஒரே சாட்சியைச் சட்டை மாற்றி மூன்று முறை கூண்டில் ஏற்றியது போல ஆயிற்று. சுந்தரேசன் எல்லாருக்கும் மைசூர்பாக் வாங்கித் தந்தார். ரிப்போர்ட் என் கையெழுத்தோடு சுரங்கத்துக்குப் போயிற்று.

மே மாத ஆரம்பத்தில் பிரிஜெட் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு பீக்கர், அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளாக வந்து பேசுவது அபூர்வம்.

"மேடம், ஒரு விஷயம் கேக்கணும். அவருக்கு இங்க பொம்மனஹள்ளில ஒரு பம்ப் ஃபேக்டரில வேல கெடச்சிருக்குது. ஜூன் ஒண்ணாந்தேதி வந்து சேரணும். அதுக்கு மேல எடம் வெக்க மாட்டாங்களாம்."

"நல்லதுதானே."

"அவரு யோசிக்கிறாரு மேடம். அவங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான். மில்லு ஓடும்னா எதுக்கு விடணும்ங்கறாரு. 'உங்க மேடத்தக் கேளு, மண்ணு அவங்க கையிலதான் இருக்குது. மெதக்கும்னா இங்கயே இருக்கறேன், மெதக்காதுன்னா வந்துடறேன்'னு சொல்லி அனுப்பினாரு."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பார்த்தே இராத ஒரு மனிதர் என் வாக்கை நம்பி வேலையை முடிவு செய்கிறார். "மிதக்கும் பிரிஜெட். ஒரு தடவை இல்ல, மூணு தடவை மிதந்திருக்கு. கையில இருக்கற வேலையை விட வேணாம்னு சொல்லு" என்றேன்.

"நிச்சயமா மேடம்?"

"நான் என்ன கிளி ஜோசியமா பாக்கறேன் இங்க?"

"இல்ல மேடம்" என்று பீக்கரோடு போய்விட்டாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த கட்டச் சோதனைகளுக்காக மே பதினைந்தாம் தேதி வாக்கில் இன்னும் ஐம்பது கிலோ மண் வந்தது. இந்த முறை கரண்ட் ஒழுங்காக இருந்தது, மண் ஓவனில் முறைப்படி காய்ந்தது. செல்லில் போட்டுக் காற்றை ஊதினேன். வெளுத்த, உயிரில்லாத நுரை வந்தது. உருக்கிப் பார்த்தால் முப்பத்தெட்டு.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று முதலில் என்னைத் தேற்றிக்கொண்டேன். மறுபடி செய்தேன். முப்பத்தாறு. பிறகு ஆரம்பித்தது என் ஆட்டம். தண்ணீர் கெட்டுவிட்டது என்று புதிதாக வடித்தேன். மருந்து பழசு என்று புது பாட்டில் உடைத்தேன். செல்லைப் பதினோரு தடவை கழுவச் சொன்னேன், கழுவினாள். கடைசியில் எல்லார் முன்னாலும் பிரிஜெட்டைக் கூப்பிட்டு, "தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டு வர்றியா? குனி" என்றேன். அவள் குனிந்தாள். நான் அவள் தலைமுடியை மோந்து பார்த்தேன். சீயக்காய் வாசம்தான் வந்தது. நாற்பது வயதுப் பெண்ணின் தலையைப் பிடித்து மோந்து பார்த்தவள் நான். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. மே இருபத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மாற்றிப் பார்க்க வேறு எதுவும் இல்லை என்ற நிலையில்தான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது.

"பிரிஜெட், மொதல்ல வந்த மண்ணை ஓவன்ல எத்தனை டிகிரில வெச்ச?"

அவள் கையிலிருந்த பீக்கரைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"காது கேக்கலையா?"

"ஓவன்ல வெக்கல மேடம். அன்னிக்கு பூரா கரண்ட்டே வரல."

"பின்ன?"

"கிருஷ்ணாயில் ஸ்டவ்ல மேடம். டீ ரூம் ஸ்டவ் ஒண்ணு, எங்க வீட்டு ஸ்டவ் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். மேல கம்பி வல போட்டு தட்டெல்லாம் அடுக்கினேன். சாரல் அடிச்சுது, அதனால தகர டப்பாவ கவுத்து மூடிட்டேன். சூடும் நின்னுச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "கை படவே இல்ல மேடம். ஸ்பூனாலதான் கிளறினேன். சத்தியமா கை படல."

கை எண்ணெய் படக் கூடாது என்று பதினோரு வருஷம் கத்தியிருக்கிறேன். புகை படக் கூடாது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மூடிய டப்பாவுக்குள் சூடான மண்ணும் திரி ஸ்டவ்வின் சீமெண்ணெய்ப் புகையும் மணிக்கணக்கில் ஒன்றாக இருந்திருக்கின்றன. ஒவ்வொரு பொன் துகளுக்கும் மேலே எண்ணெய்ப் படலம் ஏறியிருக்கிறது. அதற்குத் தண்ணீர் எப்படிப் பிடிக்கும்? மிதக்காமல் என்ன செய்யும்? எங்கள் கூடத்தில் எப்போதும் மருந்துகளின் அழுகல் முட்டைக்கோஸ் நாற்றம். அதில் சீமெண்ணெய் வாசம் யார் மூக்குக்கும் எட்டவில்லை.

அன்றைக்கே புது மண்ணில் ஒரு பங்கை அவளைவிட்டு அதே மாதிரி ஸ்டவ்வில் காய வைக்கச் சொன்னேன். இன்னொரு பங்கை ஓவனில் காய வைத்து, செல்லில் தண்ணீரோடு நேராகச் சீமெண்ணெய் விட்டேன். சீமெண்ணெய்தான் ரகசியம் என்றால் மில்லிலும் அதை ஊற்றிவிட்டுப் போகலாமே என்று ஒரு நப்பாசை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டுக்கும் முடிவு வந்தது. ஸ்டவ்வில் காய்ந்தது எண்பத்தொன்று. தண்ணீரில் சீமெண்ணெய் விட்டது நாற்பத்து நான்கு. தண்ணீருக்குள் போன சீமெண்ணெய் பொன்னைத் தேடிப் போகாமல் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மலை மலையாகக் கிடக்கும் மண்ணையெல்லாம் தட்டுத் தட்டாகத் திரி ஸ்டவ்மேல் வைத்துக் காய்ச்சினால்தான் அந்தப் பொன் மிதக்கும். அதாவது, மிதக்காது.

பிரிஜெட் பக்கத்திலேயே நின்று நான் எண்களை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "மெதக்காதா மேடம்?"

"மிதக்காது."

அப்போதுதான் அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அதில் ஒரு வெளிச்சம். இத்தனை வருஷத்தில் நான் அங்கே பார்க்காத ஒன்று. "அப்ப அவரு வந்துடலாமா மேடம்?" என்றாள்.

மே மாத ஆரம்பத்தில் அவள் பீக்கரைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டது எந்தப் பதிலுக்காக என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. மிதக்காது என்று நான் சொல்ல மாட்டேனா என்று வந்து நின்றிருக்கிறாள். வாரத்துக்கு ஏழு நாளும் புருஷனோடு இருக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணிடம் நான் கிளி ஜோசியம் பேசியிருக்கிறேன்.

புரிந்த பிறகு நான் செய்தது என்ன? அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். "ஒரு வாரம் பொறு. நான் இன்னொரு தடவை செஞ்சு பாத்துட்டு டைரக்டர்கிட்ட சொல்றேன். அது வரைக்கும் இது வெளிய போகக் கூடாது."

"அவருகிட்டகூடவா மேடம்?"

"அவருகிட்டதான் முக்கியமா. மில்லுல இருக்கறவர். ஒருத்தர் காதுல விழுந்தா சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா பேசும். அப்புறம் ஸ்டவ்ல வெச்சது யாருன்னு கேப்பாங்க. உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

"ஒண்ணாந்தேதி நாளான்னைக்கு மேடம்."

"தெரியும்."

தெரியும். இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டிய அவசியம் எள்ளளவும் கிடையாது என்பதும் தெரியும். சுரங்கத்துக்குப் போன ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருந்தது. டைரக்டர் முன்னால் போய் நிற்பதற்கு முன்னால், தப்பை விளக்கமாக, கண்டுபிடிப்பு மாதிரி, நாலு பக்கம் எழுதிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்தேன். அதற்கு எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. ஓஸ்வால்டுக்கு இருந்தது இரண்டு நாள். என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் அவருடைய இரண்டு நாளை எடுத்துக்கொண்டேன். வேறு விதமாக இதைச் சொல்ல முடியவில்லை.

"சரி மேடம்" என்றாள் பிரிஜெட். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

புதன்கிழமை வந்தாள், பாத்திரம் கழுவினாள். வியாழக்கிழமை வந்தாள், பாத்திரம் கழுவினாள். நான் அவளை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

ஜூன் ஏழாம் தேதி என் நாலு பக்கத்தோடு டைரக்டரிடம் போனேன். சுந்தரேசன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "கரண்ட் கட்ல நடந்தது, யாரை என்ன சொல்றது" என்று சொல்லிவிட்டு, மாதிரி மண் உலரும் கட்டத்தில் மாசுபட்டது என ஒரே வரியில் சுரங்கத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதினார். யார் பெயரும் வரவில்லை. எனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

சுரங்கத்தில் ஜூலையில் மில்லை மூடுவதாக முடிவு செய்தார்கள். செப்டம்பரில் ஓஸ்வால்ட் ஒரு டிரங்குப் பெட்டியோடு மர்பி டவுன் வந்து சேர்ந்தார். பொம்மனஹள்ளி ஃபேக்டரியில் போய்க் கேட்டாராம். அந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்து மூன்று மாதமாகிவிட்டது என்றார்களாம். நாற்பத்தைந்து வயதுக்காரரை வேறு எங்கும் எடுக்கவில்லை. அந்த ஃபேக்டரி இருந்த அதே ஓசூர் ரோட்டில் புதிதாகக் கட்டிய ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். பதினெட்டு வருஷம் பெரிய பெரிய அரவை எந்திரங்களைப் பிரித்து மாட்டிய மனிதர் கார்களுக்குக் கேட் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் நானாகத் துருவித் துருவிக் கேட்டுத்தான் பிரிஜெட் சொன்னாள்.

அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் என்னைப் படுத்தியது. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசி ஆறியிருப்பேன். அவள் "சரி மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பாரத்தை இறக்கி வைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அல்சூரில் என் வீட்டிலிருந்து நடந்தே மர்பி டவுனுக்குப் போனேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடமே சொல்லிவிடுவது என்று தீர்மானம்.

ஒரு அறையும் ஒரு சமையற்கட்டுமான வீடு. சுவரில் மாதா படம். ஓஸ்வால்ட் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, தடித்த கை விரல்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். "ஏய், மேடம் வந்திருக்காங்க பாரு. காப்பி போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிரிஜெட் எட்டிப் பார்த்து, திகைத்து, உள்ளே போனாள்.

நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் ஆரம்பித்துவிட்டார். "நானே உங்கள வந்து பாக்கணும்னு இருந்தேன் மேடம். இவ பண்ணின காரியத்தால உங்க ரிப்போர்ட்டு தப்பாயிப் போச்சு. உங்களுக்கு எவ்ளோ கெட்ட பேரு. மன்னிச்சிடுங்க மேடம்."

"பிரிஜெட் என்ன சொன்னா?" என்றேன்.

"ஜூன் மாசம் லெட்டர் வந்து மில்லே அல்லோலப்பட்டுச்சு இல்ல, அந்த சனிக்கிழமயே சொல்லிட்டா. 'நான்தான் ஸ்டவ்ல வெச்சேன், எனக்குத் தெரியல'ன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு மாசம் இவகூட பேசல. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். படிக்காதவ. அதுல இப்படி ஆவும்னு இவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சு பண்ணியிருந்தா வேற. தெரியாம பண்ணினதுக்கு என்ன செய்யறது, போனது போவட்டும்னு விட்டுட்டேன். நீங்களும் மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த மனிதர் கையைக் கூப்பினார். அதை என்னால் தாங்க முடியவில்லை. கொட்டிவிட்டேன். "அவ மேல ஒரு தப்பும் இல்ல ஓஸ்வால்ட். எப்படிக் காய வெக்கறேன்னு சொல்லாதேன்னு கத்தினது நான். மிதக்கும்னு உங்களுக்குச் சொல்லி அனுப்பினது நான். மே முப்பதாந்தேதி மிதக்காதுன்னு தெரிஞ்சப்பகூட உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவளைத் தடுத்தது நான்தான். வேலை போயிடும்னு மிரட்டினேன். என்னைத் திட்டுங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது போலிருந்தது. அந்த லேசு எத்தனை விநாடி இருந்திருக்கும்? ஓஸ்வால்ட் என்னைப் பார்க்கவே இல்லை. சமையற்கட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பிரிஜெட் இரண்டு டம்ளரோடு நின்றிருந்தாள்.

"முப்பதாந்தேதியே ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் கையிலிருந்த டம்ளர்களையே பார்த்தாள்.

"புதன்கிழம நான் பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணேன். கடைசியா ஒரு தடவ கேக்கறேன், சொல்லு, வந்துடட்டுமான்னு கேட்டேன். என்ன சொன்ன நீ?"

"மேடம் மெதக்கும்னுதான் சொல்றாங்கன்னு சொன்னேன்" என்றாள் பிரிஜெட்.

அவர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஆணியில் மாட்டியிருந்த வாட்ச்மேன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பொத்தானாக நிதானமாகப் போட்டார். "டூட்டி ராத்திரிதானே" என்று அவள் மெதுவாகச் சொன்னதைக் காதில் வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே இறங்கிப் போனார்.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். "பிரிஜெட், எனக்குத் தெரியாது. நீ அவர்கிட்ட எதைச் சொல்லியிருக்க, எதைச் சொல்லலன்னு எனக்குத் தெரியாது" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

அவள் டம்ளர்களைத் தரையில் வைத்தாள். கோபம் இல்லை, அழவும் இல்லை.

"நீங்க யாருகிட்டயும் சொல்லாதேன்னீங்க, நான் சொல்லல. சொல்லாதீங்கன்னு உங்ககிட்ட நான் சொல்ல முடியுமா மேடம்?"

ஓஸ்வால்ட் அன்று வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த வாரமும் வரவில்லை.